துண்டுக்கடியில்

காவேரிப்பட்டணத்தில் திம்மராயன் மாங்காய் மண்டிக்கு
மேலே என் அறை.
ஜூன் வந்தால் தளம் முழுக்கப் பெங்களூரா மணம்.
விசைப்பலகையில் ஏதோ ஒரு எழுத்துக்கு அடியில்
எறும்பு ஒன்று குடியிருக்கிறது.
என் நிரலுக்கு முதல் வாசகர் அதுதான்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு
இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.
வங்கிக்காரருக்கு: மென்பொருள்.
திம்மராயனுக்கு:
போச்சம்பள்ளிச் சந்தையில் மாட்டு விலை பேசுவார்களே
துண்டுக்கடியில் விரலைப் பிடித்து,
அந்தத் துண்டை நெய்கிறேன்.
யோசித்துவிட்டுக் கேட்டார்,
துண்டு என்ன விலை?
இலவசம்.
நூலையும் பிரிச்சுக் காட்டுவியாம்மா?
ஒவ்வொரு இழையும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்,
வேறு மாதிரி நெய்துகொள்ளலாம்.
அன்றிலிருந்து வாடகையை
ஒன்றாம் தேதிக்கு முன்பே கேட்கிறார்.

சிக்கல் கதவில்தான்.
ஒவ்வொரு வீட்டு ரூட்டரும்
உள்ளிருந்து மட்டும் திறக்கும்.
வெளியிலிருந்து யார் தட்டினாலும்
ஆளில்லை என்று சொல்லிப் பழகியது.
இருவர் பேச வேண்டுமானால்
ஏறத்தாழ ஒரே கணத்தில்
இருவரும் தத்தம் கதவைத் திறக்க வேண்டும்;
அவள் எனக்காகத் திறந்த இடுக்கில் என் தட்டல்,
நான் அவளுக்காகத் திறந்த இடுக்கில் அவள் தட்டல்.
துளையிடுதல் என்று பெயர்.
வேப்பனப்பள்ளிக் கல்குவாரி ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.
எங்கள் துளை முப்பது நொடியில் தூர்ந்துவிடும்.
ஆகவே இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை
ஒரு வெற்றுப் பொட்டலம்,
உள்ளே ஒன்றுமில்லாமல்,
இருக்கிறேன் என்று மட்டும்.

மே மாதம் ஒரு புகார் வந்தது.
பெயர் இல்லை, ஊர் இல்லை.
ஒரே ஒரு கைபேசி நிறுவனத்தின் வலையில்
இணைப்பு கிடைக்கவில்லை.
அவசரம், என்று கடைசியில் ஒரு சொல்.
என்ன அவசரம் என்று
கேட்கக் கூடாத தொழில் இது.

பதினோரு இரவு.
ஓசூர் ஷிப்டு முடிந்து முனிரத்னா
தேன்கனிக்கோட்டை வீட்டு மொட்டைமாடியில் நிற்பாள்,
அந்த நிறுவனத்தின் சிம்மோடு, சிக்னல் ஒரு கோடு.
யானை வந்த அன்று மட்டும் விடுமுறை.
தட்டு என்பேன். தட்டிவிட்டேன் என்பாள்.
வரவில்லை.
மறுபடி தட்டு.

வரவே வராது.
நான்தான் எழுதியிருந்தேன்,
மூன்று வருடத்துக்கு முன், மரியாதை என்று நினைத்து ஒரு வரி:
எதிர்முனை தட்டும் சத்தம் கேட்ட பிறகு
நீ தட்டு.
மற்ற வலைகளில் கதவு தளர்ந்திருந்ததால்
இந்த மரியாதை பிழைத்துக் கிடந்தது.
இங்கே இரண்டு பேரும்
முதலில் நீ, முதலில் நீ என்று
மூடிய கதவுகளுக்குப் பின்னால்.

அழித்தேன். பதிப்பு 0.7.3.
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
ஒரு காத்திருப்பு நீக்கப்பட்டது.
புகார் சொன்னவர் திரும்பி வரவில்லை.
சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.
வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள
துணிச்சல் இல்லை.

நேற்று மாலை மழை, காற்று, கரண்ட் போனது.
கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய மடிக்கணினிதான்
எல்லோரையும் எல்லோருக்கும் அறிமுகம் செய்வது.
அதன் பேட்டரி போன வருடமே புடைத்துவிட்டது.
திரை கறுத்ததும் என் வயிறு கலங்கியது.
முனிரத்னாவுக்குப் போன் போட்டேன்.
இணைப்பு நிற்கிறதா?
எது? என்றாள்.
அரூரில் தம்பியோட பேசிட்டிருக்கேன்,
அதே துண்டுலதான். ஏன், என்ன ஆச்சு?
ஒன்றுமில்லை, பேசு என்று வைத்தேன்.
என்ன பேசினார்களோ.
அறிமுகம் செய்தவன் செத்துக் கிடக்கிறான்,
விருந்து நடக்கிறது.

இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்,
வெகு நாளைக்குப் பிறகு
யாருக்கும் தேவைப்படாமல்.

கீழே மண்டி முற்றத்தில் மாங்காய்க் குவியல் நனைகிறது.
தார்ப்பாய் ஒருபக்கம் பறக்க
மழைக்கு மேலே குரல் கொடுத்தார் திம்மராயன்:
ஏம்மா, மேலயா இருக்கே?
வந்து அந்த முனையைப் பிடி.