ஒன்றா, இரண்டா

பட்டியலை எழுதியது டிசம்பர் முப்பது.
பரமட்டாவில் நாற்பத்தொரு பாகை வெயில்,
கடையின் குளிரூட்டி செத்துப்போன நாள்.
மூக்குக்கண்ணாடி வில்லைகள் வரும் பழுப்பு உறையின் முதுகில்
இருபத்தைந்து கொரியப் பாட்டுகள், நீல மையில்,
அந்த வருடத்தின் தரவரிசை.
நெற்றி வேர்வை ஒரு சொட்டு விழுந்து
எட்டாமிடம் கரைந்துபோனது.
என்ன பாட்டென்று ஞாபகமில்லை.
போனும் மார்ச்சில் மாறிவிட்டது.
எட்டாவது காலி.

இப்போது ஜூலை.
டூங்காபி பிளாட்பாரத்தில்
எல்லாருடைய வாயிலும் புகை.
உறையை மறுபடி எடுக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி
இதற்கு நேரம் ஒதுக்குகிறாள் என்றால்
சீட்டுக்காசு கட்டாதவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

என் வேலை வில்லை தேய்ப்பது.
சுவருக்கு அப்பால் பரிசோதனை அறை.
நாள் முழுக்க ஒரே கேள்வி காதில் விழும்:
ஒன்றா, இரண்டா, எது தெளிவு?
சரி, இரண்டா, மூன்றா?
அப்படித்தான் பாட்டுகளையும் சோடி சோடியாகக் கேட்கிறேன்.
வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர்
"ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிடுவார்கள்.
அதற்கொரு துணிவு வேண்டும்.
எனக்கு இல்லை.

முதலாமிடம் பதினாறுக்கு இறங்கிவிட்டது.
ஏழு பெடியன்கள், வெள்ளிச் சட்டை,
கடைசி நிமிடத்தில் சுருதி ஒரு படி தாவும்.
டிசம்பரில் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது.
இப்போது அதே இடத்தில்
லிஃப்ட் நிற்கிறபோது வருகிற சின்னக் குலுக்கம்.
பாட்டில் பிழையில்லை.
ஒரே கறியை ஆறு மாதம் சாப்பிட்டவள் நான்.

மரியாதைக்குச் சேர்த்த பத்தொன்பதாவது
நாலுக்கு ஏறியிருக்கிறது.
ஒரு பெண், ஒரு கிட்டார்,
நடுவில் எங்கோ யாரோ கதவு சாத்துகிற சத்தம்.
வேண்டுமென்றே விட்டார்களோ, கவனிக்கவில்லையோ,
அந்தக் கதவுக்காக மட்டும் நாலு.

சிக்கல் மூன்றாவதில்.
பல்லவியில் அந்தப் பிள்ளை
"அப்பா, அப்பா" என்று பாடுகிறாள்.
வீட்டில் போட்டால்
குசினிக்குள்ளிருந்து என் அப்பா "என்ன பிள்ளை?" என்பார்.
நாலு தரம் கூப்பிட்டால் நாலு "என்ன."
ஐந்தாவதுக்கு
தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்பார்.
மூன்றாமிடம் கொடுத்தது இதற்காகத்தான்,
ஒத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய் மிஞ்ஜு பிரேம்களைத் துடைத்தபடி
என் முணுமுணுப்பைக் கேட்டுச் சிரித்தாள்.
அது அப்பா இல்லை, தர்மினி.
நோகுது. "நோகுது, நோகுது" என்று பாடுறாள்.
உதட்டை இறுக்கிச் சொன்னால் தகப்பன்,
காற்றை விட்டுச் சொன்னால் நோவு.
இரண்டையும் சொல்லிக் காட்டினாள்.
எனக்கு ரெண்டும் ஒண்டாய்த்தான் கேட்டது.

பிழையான இலக்கத்தில் தேய்த்த வில்லையை
ஆறு மாதம் போட்டுத் திரிந்த ஒருவர்
சரியானதைக் கொடுத்ததும்
தலை சுற்றுது, பழசைத் தா என்று
சண்டை பிடித்தார் கடையில்.
அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

இரவு அந்தப் பாட்டைப் போட்டேன்.
அர்த்தம் தெரிந்த காதோடு.
"என்ன பிள்ளை?"
கதிரை இழுபடும் சத்தம்.
முழங்காலைப் பிடித்தபடி அவர் எழும்பும் சத்தம்,
அதில் ஒரு சின்ன "ஆ".
நிறுத்திவிட்டேன்.
மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வந்து நின்றவர் கேட்டார்:
விசில் அடிக்கிற ஒண்டு இருந்ததே, வெயில் காலத்தில,
அதை ஏன் இப்ப போடுறேல்லை?
எந்த விசில்?
அடித்துக் காட்டினார்.
கட்டுப்பல்லுக்குள்ளால் பாதி காற்றுப் போனது.
உறையில் எட்டாமிடத்து நீலக் கறையைப் பார்த்தபடி
திரும்ப ஒருக்கா, என்றேன்.
அடித்தார்.
இது வேறு மெட்டு.

அப்பா,
முதல் அடிச்சதா, இப்ப அடிச்சதா?