மேலும் காண்க

ஆம்ஸ்டர்டாமில், வெப்பமண்டல நோய்களுக்கான நூலகத்தின்
மூன்றாம் மாடியில்
ஆஃப்கே விஸ்ஸருக்கு வேலை
கட்டுரைகளைப் படிப்பதல்ல,
எந்த இழுப்பறையில் எது உறங்கும் என்று தீர்மானிப்பது.

கொசுவுக்கு அட்டை உண்டு. கல்லீரலுக்கு, கொய்னாவுக்கு,
சதுப்பு நிலத்துக்கு உண்டு.
குருதியில் ஒன்றுமே தென்படாத மாதங்களில்
காய்ச்சல் எங்கே போய் இருக்கிறது
என்பதற்குத்தான் இல்லை.

கேட்டால் ஆளுக்கொரு பதில்.
பெண்ணணு ஆணின்றித் தானே பெருகுகிறதென்று
நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர்
படமே போட்டுவிட்டார்.
கோடுகள் அத்தனை சுத்தம்,
வெகுகாலம் நம்பினார்கள்.
பிறகு கல்லீரலில் கண்டார்கள் ஒரு கூட்டத்தை,
‘குருதிக்கு வெளியே உள்ள வடிவம்’ என்றார்கள்,
வீட்டில் இல்லை என்பதையே
முகவரியாக எழுதுவதுபோல.
மறைநிலை. இரண்டாம் சுற்று. தாமதித்த பிளவு.
எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள்.
ஒவ்வொன்றின் அடியிலும்
‘மேலும் காண்க’.
இது அதைக் கைகாட்டும், அது இன்னொன்றை,
இன்னொன்று திரும்ப இதையே.

அவள் அப்பா ஹில்பிரான்ட்
வோர்மர்வேர் எண்ணெய் ஆலையில் மூட்டை இறக்கியவர்.
போர் முடிந்த இலையுதிர் காலத்தில்
பன்றித் தொழுவத்துக் கூரைக்கடியில்
குளிருக்கு ஒதுங்கிய கொசு ஒன்று கடித்திருக்க வேண்டும்.
ஒன்றும் ஆகவில்லை.
பனி பெய்தது, கால்வாய் உறைந்தது, அவர் சறுக்கினார்.
மே மாதம்,
வாத்துக் குஞ்சுகள் பாலத்தடியில் நீந்திய கிழமை,
கட்டில் ஆடிய ஆட்டத்தில்
அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன.
ஒருநாள் விட்டு ஒருநாள். முறைக்காய்ச்சல்.
மருந்துக்கு அடங்கியது. அடுத்த வசந்தத்தில்
அதே சன்னலோரம், அதே கோப்பைகள்.

போர்வைக்குள்ளிருந்து அப்பா சொல்வார்,
‘கீழ்வீட்டுக்காரன் எழுந்துவிட்டான்.’

அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீடே கிடையாது.

எழுபதுகளின் பின்பாதியில் தபாலில் ஒரு சொல் வந்தது:
ஹிப்னோசோயிட்.
கிரேக்க உறக்கமும் கிரேக்க உயிரும்
ஒட்டவைத்த சொல்.
யாராவது பார்த்தார்களா, என்றார் தலைமை நூலகர் ப்ரூய்ன்ஸ்மா.
இல்லை.
இருந்தால் இப்படி இருக்கும் என்கிறார்கள், அவ்வளவுதான்.
பார்க்காததற்கு அட்டை போட்டால்
நாளைக்குத் தேவதைகளுக்கும் போட வேண்டும், என்றார்.

அன்று மாலை அவர் போன பிறகு
ஆஃப்கே போட்டாள்.

கிரேக்கர்களுக்கு உறக்கமும் சாவும் இரட்டைப் பிள்ளைகள்.
தமிழில் இரண்டும் ஒரே ஆள்தான்,
துஞ்சினான் என்றால்
விளக்கை அணைப்பதா, ஏற்றுவதா என்று
பக்கத்தில் இருப்பவர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
மருத்துவர்களுக்கும் அதே சங்கடம்தான்:
போய்விட்டதா, படுத்திருக்கிறதா?

இரண்டொரு ஆண்டில் படம் வந்தது.
குரங்கின் கல்லீரல் துணுக்கு,
ஒளிரும் சாயத்தில் ஒரு பச்சைப் புள்ளி.
ஒற்றை உட்கரு. பிளவில்லை, அவசரமில்லை.
சுற்றிலும் இருக்கும் அணுக்களுக்கு
விருந்தாளி வந்திருப்பதே தெரிந்த மாதிரி இல்லை.

ப்ரூய்ன்ஸ்மா படத்தை வெகுநேரம் வைத்திருந்தார்.
‘அட்டை?’ என்றார்.
‘இருக்கிறது’ என்றாள்.

அவள் இழுப்பறையைத் திறந்து
மறைநிலையை, இரண்டாம் சுற்றை, தாமதித்த பிளவை
ஒவ்வொன்றாக எடுத்து
எல்லாவற்றையும் இந்த ஒன்றை நோக்கித் திருப்பினாள்.
அதற்கு ஒரு வாரம் பிடித்தது.
கடைசி அட்டையில், பழக்க தோஷம்,
‘மேலும் காண்க’ என்று விரல்களே தட்டிவிட்டன.
வேறெதைக் காண்பது?
பென்சிலை நாக்கில் தொட்டு
அப்பாவின் வார்த்தையை எழுதினாள்.
பன்னிரண்டு வருடமாயிற்று அவர் போய்,
இருதயத்தால். காய்ச்சலால் அல்ல.

அட்டைகளைக் கணினியில் ஏற்ற
பிறகொரு கோடையில் வந்த பையன்
பென்சில் எழுத்துக்கு எந்தக் கட்டமும் இல்லையென்று
அதை மட்டும் தாண்டிப் போனான்.