இருபத்தெட்டு புள்ளி நான்கு

சரகோசாவில் ஜூலை.
பகல் முழுக்க ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டு
இருட்டுக்குள் கிடக்கிறோம்
நானும், ஃபெர்மினின் இரண்டு கோமாளி மீன்களும்,
பெயர் வாயில் நுழையாத அந்தப் பவளமும்.

அவன் லாரி பிரான்சுக்குள் எங்கேயோ.
டீசலுக்கு நிறுத்தும் இடமெல்லாம் அழைக்கிறான்.
'எவ்வளவு?'
இருபத்தெட்டு புள்ளி நான்கு.
கேட்டது என் உடம்புச் சூட்டை அல்ல, தெரியும்.

வீட்டில் இருப்பது ஒரே மின்விசிறி.
அது தொட்டி விளிம்பில் குனிந்து
ஆறாத சூப்பை ஊதுகிற மாதிரி
தண்ணீரை ஊதிக்கொண்டிருக்கிறது.
ஃப்ரீசரில் இறால் இருந்த இடத்தில்
உறைந்த தண்ணீர் பாட்டில்கள்.
இன்னும் மூன்று எதிர்வீட்டு எங்கிராசியாவிடம்;
இருந்த ஐஸ்கிரீமையெல்லாம் தின்று தீர்த்து
இடம் செய்து கொடுத்த புண்ணியவதி.

ஒரு பாட்டில் மிதந்தால் அரை டிகிரி.
அதற்குமேல் அவசரப்படக் கூடாது,
மீனுக்கும் ஜன்னி காணுமாம்.

காலையில் இரண்டு விரல் இறங்கியிருக்கும் தொட்டி.
நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.
'போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போகாது'
கிளம்பும்போது மூன்று முறை சொன்னான்.
கண்ணாடி விளிம்பில் வெள்ளையாய்ப் பொரிந்ததை
ஈரத்துணியால் துடைக்கிறேன்.
அதே துணியால் என் கழுத்தையும்.

இரவு இரண்டு மணி.
பாட்டில் மாற்றக் கையை விட்டேன்.
பாறையிடுக்கிலிருந்து கோடு போட்ட இறால் ஒன்று
மீசையாட்டி வந்து
என் நகக்கண்ணில் அழுக்கெடுக்க ஆரம்பித்தது,
கூலி பேசாமல், மெதுவாக,
ஒவ்வொரு விரலாக.

ஃபோன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
இன்னும் சுண்டுவிரல் பாக்கி.