ஏழாவது கட்டம்

பாளையங்கோட்டையிலிருந்து படிவம் வந்துவிட்டது.
சந்தித்த வீடுகள். கொடுத்த கைப்பிரதிகள்.
ஞானஸ்நானம் பெற்றோர்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
இவர் எழுத்து இவருக்கே புரியாது என்பதால்
வருஷா வருஷம் நான்தான் நிரப்புகிறேன்.

வீசாவுக்காக ஜனவரியில்
பத்தரமுல்லையில் மூன்று நாள் உட்கார்ந்தோம்.
"இங்கே என்ன வேலை?" என்றார் அதிகாரி.
இவர் தொண்டையைச் சரிசெய்வதற்குள்
தலையைச் சொறிந்துகொண்டிருந்த எப்சிபா
"உக்குணோ" என்றாள்.
பேன்.
அவர் சிரித்தார், முத்திரை விழுந்தது.
இரண்டு வருஷம் சிங்களம் படிக்கிறோம்;
பலித்த முதல் சொல் அதுதான்.

கைப்பிரதிகள் ஆயிரம் வந்தன.
முந்நூறு கொடுத்தோம், கைகூசி.
மிச்சத்தைக் குசுமாவதி கேட்டு வாங்கி
பஸ் தரிப்பில் கடலை சுற்றினாள்.
ஒரு வாரம் அவளோடு இவர் பேசவில்லை.
பிறகொரு நாள் மழைக்கு ஒதுங்கி
பத்து ரூபாய்க்குக் கடலை வாங்கியவர்
பொட்டலத்தைப் பிரித்து
உப்புப் படிந்த வசனத்தைக் கடைசிவரை வாசித்தார்.
கட்டத்தில் ஆயிரம் என்றே எழுதுகிறேன்.

மே மாதத்தை எங்கே எழுதுவது?
நாகலகம் வீதி அளவுகோலில்
களனி ஏழடியைத் தாண்டிய இரவு,
நிலாம் நானாவின் கோழி லாரியில்
இறகுகளுக்கிடையே ஏறினோம்.
பள்ளிவாசல் நிரம்பியிருந்தது.
விகாரையில் போதனை மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள்.
பதினொரு இரவுகள்
புத்தரின் பாதங்களுக்கு நேரே
தலை வைப்பதா கால் வைப்பதா என்று தெரியாமல்
குறுக்காகப் படுத்தோம்.

ஈரத்தில் ஊதிப்போன வேதாகமத்தை
இவர் ஒளித்துவைத்திருந்தார்.
ஹாமதுரு அதைக் கேட்டு வாங்கினார்.
தாளுக்குத் தாள் பழைய பத்திரிகையைச் செருகி
மின்விசிறிக்குக் கீழே வைத்தார்,
நோயாளிப் பிள்ளையைத் திருப்பிப் போடுவதுபோல
மணிக்கொரு தடவை புரட்டினார்.
இப்போது ஏசாயாவின் நடுவில்
கண்ணாடியில் பார்த்தால் மட்டும் வாசிக்க முடிகிற
சிமெந்து விளம்பரம் ஒன்று
மங்கலாக ஒட்டியிருக்கிறது.

அந்த நாட்களில் இவர் பிரசங்கிக்கவில்லை.
இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பார்சல் சுமந்தார்.
எண்ணிக்கை வைக்கவில்லை.
அதுவரை பாஸ்டர் என்றவர்கள்
"பாத் மாத்தயா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.
சோற்று ஐயா.
முதலில் முகம் சுருங்கியது.
இப்போது அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புகிறார்.
நான் அண்டாக் கழுவுகையில் ஜெபித்தேன்,
சாம்பல் கையோடு, கண்ணை மூடாமல்.

ஆவணியில் தம்பி கல்யாணம்.
டிக்கெட் பணம் புது மெத்தைக்குப் போயிருந்தது.
போனில் தாலி கட்டுவதைப் பார்த்தோம்;
முடிச்சு விழும் நேரத்தில் படம் உறைந்தது.
"அம்மா, கதைக்காதீங்க, நான் பார்க்கிறேன்" என்றாள் எப்சிபா.
அங்கே யாரோ சிரித்தார்கள்:
பிள்ளை சிலோன்காரி ஆயிட்டாளே.
எனக்கும் அப்போதுதான் உறைத்தது,
நானும் வீட்டில் பேசுவதில்லை,
கதைக்கத்தான் செய்கிறேன்.

குசுமாவதி ஞாயிறுகளில் வருகிறாள்.
கடைசி வரிசை, மின்விசிறிக்கு நேரே.
பாட்டு தெரியாது, வாயசைப்பாள்.
ஒரு நாள் கேட்டாள்:
"என் மகன் குவைத்தில்.
உங்கள் ஆண்டவருக்கு அங்கேயும் கிளை இருக்கிறதா?"
ஐந்து வருஷ இறையியல் படித்தவர்
சுவரைப் பார்த்தார்.
"மகன் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.
அன்றிலிருந்து
எங்கள் சாப்பாட்டு ஜெபத்தில்
நிரோஷன் என்றொரு பெயர் வருகிறது.

ஞானஸ்நானக் கட்டம்.
பேனா அங்கேயே நிற்கிறது.
"உண்மையை எழுது," என்கிறார்
பாயில் கிடந்தபடி, கண் திறக்காமல்.
பூஜ்யம் போடுகிறேன்.
கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

ஏழாவது கட்டம், இதர குறிப்புகள்.
இரண்டே வரிக்குத்தான் இடம்:

வேதாகமம் காய்ந்துவிட்டது.
பேன் சீப்பு இரண்டு அனுப்பவும்.