நனைந்த கையுறை

வியாழன் காலை, பேர்கன், மழை.
சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள்.
ஸ்பிரிண்ட் முடிய நான்கு நாள்.
துறைமுக அலுவலகத்து ராக்ன்ஹில்ட்
குடையை உதறுமுன்பே சொன்னாள்:
"சின்ன மாற்றம்தான்."

சின்ன மாற்றங்களை எனக்குத் தெரியும்.
போன மாதம் ஒன்று,
பயணச்சீட்டின் நீலம் கொஞ்சம் வெளிறட்டும் என்று வந்து
மூன்று இரவுகளைத் தின்றுவிட்டுப் போனது.

"எதை எடுத்துவிட்டு இதை வைக்க?"
பேனாவைக் கடித்தபடி சிந்த்ரே.
அவள் சுவரைப் படித்தாள்.
இயக்குநர் கேட்ட வரைபடம்,
அமைச்சகம் கேட்ட அறிக்கை,
யார் கேட்டதென்றே நினைவில்லாத ஏதோ ஒன்று.
எல்லாவற்றுக்கும் அடியில்,
பசை போய் ஒற்றை மூலையில் தொங்கியது:

"பொத்தான் பெரிசா வேணும்.
கையுறை நனைந்தால் அழுந்த மாட்டேங்குது.
ஓட்வார், படகுத் தளம்."

பதினோரு வாரம் பழைய தேதி.

ஜன்னலுக்குக் கீழே
ஏழரைப் படகு துறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.
கயிறு பிடிக்கும் ஒருவன்
பல்லால் கடித்துக் கையுறையை உருவினான்.
ஓட்வார்தானா, தெரியாது.
இத்தனை தூரத்தில் எல்லோரும் மஞ்சள் கோட்டுதான்.

"என்னோடது கிடக்கட்டும்" என்றாள் ராக்ன்ஹில்ட்.
வாசல்வரை போய்த் திரும்பி,
"இந்த ஒரு ஸ்பிரிண்டுக்கு மட்டும்."

நான் டேப் தேடினேன்.