அரைப்புள்ளி

பள்ளத்தூரில் மாசி வெயில்
நாலு மணிக்கும் இறங்கவில்லை.
பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள் நாற்பத்திரண்டு
வளவு மேசையில்,
பறக்காமலிருக்க மேலே சாவிக்கொத்து.

x கனம் சமம் ஒன்று. மூலங்கள் அனைத்தையும் காண்க.
சொர்ணவல்லி x = 1 என்று எழுதி
அடியில் இரட்டைக் கோடு போட்டு
முடித்துவிட்டாள்.
ஐந்துக்கு ஒன்று.
சிவப்பு மை காயுமுன்
கோயில் வரி நோட்டோடு படியேறினார் சாத்தப்பன்.

"ஆச்சி, இந்த வருசத்துலேருந்து
ஒங்களுக்கு அரைப்புள்ளி."
ஆத்தங்குடிக் கல்லின் பூவைப் பார்த்துச் சொன்னார்.
நல்ல மனுஷர், கூச்சம்.
போன ஐப்பசி வரை ஒரு புள்ளி நாங்கள்,
வயிரவனும் நானும்.
ஒருவர் போனால் மீதி அரை, வரியும் பாதி.
கழித்தல் சரிதான்.

ஆனால் நாங்கள் கூட்டல் கணக்கே இல்லை.
முப்பத்தொரு வருஷத்தில்
கூட்டிப் பார்த்தபோதெல்லாம் ஒன்று குறைந்தது:
பால் சீட்டு, மகனின் விடுதிக் கட்டணம்,
என்னைக் கேட்காமல் அவர் விற்ற தேக்குத் தூண்.
கூட்டினால் மைனஸ் ஒன்று.
பெருக்கினால்தான் ஒன்று.

சொர்ணவல்லி விட்டுவிட்ட இருவரும் அப்படித்தான்.
பூஜ்யத்தில் கவராயத்தை ஊன்றிச் சுற்றினால்
வட்டத்தில் மூன்று புள்ளி, சம தூரத்தில்.
ஒன்று தெருவில் நிற்கிறது, ஊர் பார்க்க, முழுசாக.
மற்றதில் ஒன்று தெருவுக்கு மேலே,
ஒன்று கீழே.
இரண்டுக்கும் தெருவில் விழும் நிழல் அரை.
அதுவும் கழித்தல் அரை.
பாடப்புத்தகம் அதை மெய்ப்பகுதி என்கிறது.
நிழலுக்கு மேல் நிற்பதெல்லாம் கற்பனைப் பகுதி.
பெயர் வைத்தவர் வீட்டில்
யாரும் செத்ததில்லை போலும்.

அந்தக் கற்பனையின் உயரம்
மூன்றின் வர்க்கமூலத்தில் பாதி.
0.8660254…
எழுதி முடியாது, ஒரே சுற்றில் திரும்பியும் வராது,
எந்த நோட்டிலும் பத்தி போதாது.
அதற்காக ஊர் பேர் தெரியாத எண் என்று சொல்ல முடியுமா?
நான்கு x வர்க்கம் சமம் மூன்று.
அந்தச் சின்ன வீட்டில் பிறந்ததுதான்.

கலப்பெண் என்றதும் வருஷா வருஷம்
பையன்கள் சிரிப்பார்கள்,
கடைசிப் பாதி மட்டும் காதில் விழுந்து.
சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்து
இணை எண்ணுக்குப் போவேன்:
மெய் மாறாது, கற்பனையின் குறி மட்டும் மாறும்.
இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில்
நானே எழுதிய வரி.
ஐப்பசியில் நடந்தது அவ்வளவுதானா
என்று இன்னும் தெரியவில்லை.

சாத்தப்பன் காபி குடித்தார், சர்க்கரை கம்மி.
எழுநூற்றைம்பதை இருமுறை எண்ணினார்.
ரசீதில் ½ போட்டு,
பக்கத்தில் 'அரை' என்று எழுத்தாலும் எழுதினார்.
நான் வாதாடவில்லை.
தெருவை அளக்க வந்தவர்,
அளவில் பிழையில்லை.

அவர் போனபின்
சொர்ணவல்லியின் தாளை மறுபடி எடுத்தேன்.
இரட்டைக் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது.
பென்சிலால் இருவரையும் எழுதினேன்,
மேலே ஒருவர், கீழே ஒருவர்.
மதிப்பெண்ணை மாற்றவில்லை.
ஐந்துக்கு ஒன்றுதான்.