இன்னொரு தனபாக்கியம்

சத்துவாச்சாரி கிளையில்
மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பவில்லை.
ஐந்நூற்று எண்பத்து மூன்று என்றார்,
சுகர் ரிப்போர்ட் சொல்கிற குரலில்.

மாவு அரைக்க இரண்டாவது கிரைண்டர்,
அவ்வளவுதான் கேட்டேன்.
மகளிர் குழுவில் பதினோரு வருஷம்
ஒரு தவணை தவறியதில்லை.
கெங்கையம்மன் சிரசு வருகிற அன்றைக்கும்
கட்டிவிட்டுத்தான் கும்பிடப் போவேன்.

'ஓசூரில் ஸ்கூட்டர் எடுத்திருக்கீங்கம்மா,
ஏழு மாசம் கட்டலை.'

ஓசூர் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.
மாவு வாளிகளோடு
டவுன் பஸ் படியில் நிற்பவள் நான்.

என் பெயர், என் இனிஷியல், நான் பிறந்த தேதி
எல்லாம் ஏற்றிக்கொண்டு
அங்கே ஒருத்தி வண்டி ஓட்டுகிறாள்.
மும்பையில் ஏதோ கம்பெனி
எங்கள் இரண்டு பேரையும் ஒரே குண்டானில் கரைத்து வைத்திருக்கிறது.
என்னைக் கேட்காமல் என்னை எழுதியிருக்கிறார்கள்;
வருஷத்துக்கு ஒருமுறை
நான் அதை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாமாம்.

நெட் சென்டர் இர்ஃபான் புகார் அடித்துக் கொடுத்தான்,
நாற்பது ரூபாய்.
ஒரு மாசம் கழித்து வந்த பதிலில்
கையெழுத்து இல்லை,
தலையெழுத்து இருந்தது:
'கடன் உறுதி செய்யப்பட்டது.'
யாரிடம் கேட்டு?

அடுத்தது ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் என்றான்.
வக்கீல் வேண்டாம், காசு வேண்டாம்,
முப்பது நாளைத் தாண்டினால்
நாளுக்கு நூறு ரூபாய் அவர்கள்தான் தர வேண்டும்.
நான் சிரித்துவிட்டேன்.
திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில்
மனுவோடு நின்ற கால் இது.

வைகாசி போய் ஆடி வந்தது.
பாலாற்றில்கூட
இரண்டு நாள் தண்ணீர் வந்து போனது.
ஒரு புதன்கிழமை, புளித்த மாவைக் கொட்டிக்கொண்டிருக்கையில்
போன் அதிர்ந்தது:
எழுநூற்று அறுபத்தொன்று.
பின்னாலேயே நாலாயிரத்து முந்நூறு ரூபாய்,
தாமதத்துக்கு.

இந்தத் தடவை மேனேஜர் டீ சொன்னார்.
திரையையும் திருப்பினார்.
ஸ்கூட்டர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

கையெழுத்துப் போடப் போன பேனா
பாதியில் நின்றது.
என்னிடமிருந்து கழற்றிய ஏழு மாசமும்
இந்நேரம் அவள் தலையில் இறங்கியிருக்கும்.
ஏன் கட்டவில்லையோ.
கம்பெனியில் ஆள் குறைத்தார்களோ.
இல்லை, அதுவும்
மூன்றாவது தனபாக்கியம் எவளாவது வாங்கியதோ.

கிரைண்டர் வந்துவிட்டது, நன்றாக ஓடுகிறது.
புகார் எண் எழுதிய சீட்டை மட்டும்
இன்னும் கிழிக்கவில்லை.